கொந்தளிப்பைக் கொய்யும் ஓட்டம்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, விடுதி வாழ்க்கையையும் பழைய ஆசிரியர்களையும் பற்றி எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். அவற்றை எழுத வல்லார் பலர் உளர். கதிரவெளியிற் பிறந்து, வெருகலாற்று முகத்துவாரத்தில் நீந்திப் பழகி, நமது கல்லூரியிற் பௌதிகம் கற்று, அதனையே பிறர்க்குக் கற்பித்து ஓய்வுபெற்ற யான் வேறொரு பொருளைத் தெரிந்துகொண்டேன். கதிரும் வெளியும் பெயரிற் கொண்ட ஊரான் ஞாயிற்றைப் பற்றி எழுதுதல் பொருந்தும் என நண்பர்கள் நகையாடலாம்; ஆடுக.

எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. சென்ற விடுமுறையிலே என் தமக்கையின் மகன், உயர்தர வகுப்பிற் பயில்பவன், ஒரு பத்திரிகைத் துண்டோடு வந்தான். "மாமா, சீனாவில் செயற்கைச் சூரியனை ஆயிரம் செக்கனுக்கு மேல் எரிய விட்டார்களாம். அது எப்படி என்று வகுப்பிலே கேட்டேன். அது பெரிய நாட்டாருடைய வேலை, பரீட்சைக்கு வராது, உனக்கு ஏன் என்று சொல்லிவிட்டார்கள்" என்றான். சொன்னவரை யான் குறை கூறப் புகவில்லை. பாடத்திட்டச் சுமை யான் அறியாததன்று. ஆயினும் அக்கூற்று இரு வகையாற் பிழை. பெரிய நாட்டார்க்கு மட்டும் உரிய வேலை என்பது வரலாற்றுக்கு மாறானது. 'உனக்கு ஏன்' என்பதோ, கேட்டவன் ஆற்றங்கரையிலே பிறந்தவன் என்பதை மறந்தமையால் வந்தது. அவன் கேட்ட வினாவின் மறுமொழியிற் பாதி அவன் ஊர் ஆற்றிலேயே மிதக்கின்றது.

முதலிற் செய்தியை நோக்குவோம். ஐதரசனின் பாரமான வகைகளாகிய தியூத்தீரியமும் திரித்தியமும் ஒன்றோடொன்று இணைந்து ஈலியமாகும்போது பெருஞ்சத்தி வெளிப்படும். தியூத்தீரியம் கடல்நீரிலே உண்டு. திரித்தியத்தை இலிதியத்திலிருந்து ஆக்கிக்கொள்ளல் வேண்டும். இவ்விணைவு நிகழ, அணுக்கருக்கள் தமக்குள் உள்ள மின் எதிர்ப்பை வென்று நெருங்கவேண்டும். ஞாயிற்றின் நடுவில் 1.5 கோடி பாகை வெப்பநிலை போதுமாயிருப்பது அதன் பேரளவினாலும் பெருநிறையின் அழுத்தத்தினாலும். நாம் ஆக்கும் சிறு பாத்திரத்திற்கு அந்த வசதி இன்மையால் 15 கோடி பாகை வரை சூடேற்ற வேண்டியுள்ளது. அவ்வெப்பத்தில் அணுக்கள் அயன்களாகவும் இலத்திரன்களாகவும் பிரிந்து நிற்கும். அந்நிலையே பிளாஸ்மா. (நம் நூல்களிற் குருதியின் பிளாஸ்மாவைத் திரவவிழையம் என்பர், அச்சொல் இங்கே பொருந்தாது. ஆதலால் பிளாஸ்மா என்றே எழுதுகிறேன்.)

எந்தப் பாத்திரச் சுவரும் இதனைத் தாங்காது. ஆகவே வளைய வடிவான கலத்தினுள்ளே வலிய காந்தமண்டலத்தை அமைத்து, மின்னேற்றமுள்ள துணிக்கைகளை அக்காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழன்று ஓடவிட்டு, சுவரைத் தொடாமற் காக்கின்றனர். உருசியர் கண்ட இவ்வமைப்பிற்கு டோக்கமாக் என்று பெயர். பிரான்சிலே கடராசில் இந்தியா உட்பட ஏழு தரப்பினர் சேர்ந்து கட்டிவரும் ஈற்றர் என்னும் பொறியில், வளையக் குழாயின் நடுவுக்கும் ஓரத்திற்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 2 மீற்றர். நடுவிலே 15 கோடி பாகை. இரண்டு மீற்றருக்கு அப்பால் உலோகச் சுவர். இவ்வளவு செங்குத்தான வெப்பச் சரிவு இப்பூமியில் வேறெங்கும் நிலைத்து நிற்பதைக் காண்டல் அரிது.

சரிவு இருந்தால் சரிந்து விழ முயலுவது இயற்கை. உலையில் அரிசி கொதிக்கும்போது அடியிலுள்ள சூடான நீர் மேலேறவும் மேலுள்ளது கீழிறங்கவும் சுழல்கள் தோன்றுவதைப் போல, பிளாஸ்மாவிலும் எண்ணற்ற சிறு சுழிகள் தோன்றி, உள்ளிருக்கும் சூட்டை அள்ளி வெளியே வீசும். துணிக்கைகள் ஒன்றோடொன்று மோதி வெளியேறுவதனால் மட்டும் இழப்பு நேரும் என்று கணித்த முன்னோர், அளந்து பார்த்தபோது இழப்புப் பன்மடங்காக இருக்கக் கண்டனர். காந்த வேலியைத் துளைத்தது மோதல் அன்று, கொந்தளிப்பு.

1955இல் ஜெனீவாவில் நடைபெற்ற அணுச்சத்தி மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய ஓமி பாபா, இன்னும் இருபது ஆண்டுகளுள் இச்சத்தியைக் கட்டுப்பாட்டுடன் விடுவிக்கும் வழி காணப்படும் என்று நம்பிக்கை தெரிவித்தார். எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அப்பேரறிஞர் கணக்குத் தவறியதற்குத் தலையாய காரணங்களுள் ஒன்று இக்கொந்தளிப்பே. வேடிக்கை என்னவெனில், மேலும் மேலும் சூடேற்றினால் சரிவு செங்குத்தாகும். சரிவு செங்குத்தானாற் கொந்தளிப்பு மிகும். கொந்தளிப்பு மிக்காற் சூடு முன்னிலும் விரைந்து வெளியேறும். ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பவன் விரைந்து வார்க்க வார்க்க ஓட்டையும் பெரிதாகும் கதை இது.

இந்நிலையில் 1982 பெப்ரவரியில், மேற்கு ஜெர்மனியின் கார்ஷிங் நகரில், அஸ்டெக்ஸ் என்னும் பொறியிலே பணியாற்றிய பிரிட்ஸ் வாக்னர் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். சூடேற்றும் வலு ஓர் எல்லையைக் கடந்ததும், பிளாஸ்மா திடீரென அமைதியுற்றது. சூட்டை அது காத்து வைத்திருக்கும் நேரம் ஏறத்தாழ இரட்டித்தது. ஐயுற்றோர் பலர். பின்னர் வேறு பொறிகளிலும் அதுவே நிகழ, ஐயம் நீங்கிற்று. 'உயர்காப்பு நிலை' என்று அதற்குப் பெயரும் வந்தது. அமைதியுற்றது பிளாஸ்மா முழுவதும் அன்று. ஓரத்திலே சில சென்ரிமீற்றர் தடிப்புள்ள ஒரு மெல்லிய படை மட்டுமே. அப்படை வயலுக்கு வரம்பு போல நின்று, உள்ளிருப்பதை வெளியே செல்லவொட்டாது தடுத்தது.

வரம்பைக் கட்டியவர் யார்? இவ்வினாவுக்கு விடை காண ஏறத்தாழ எட்டாண்டுகள் சென்றன. விடைதான் இக்கட்டுரையின் பொருள்.

மின்புலமும் காந்தமண்டலமும் ஒன்றற்கொன்று செங்குத்தாக நிற்குமிடத்து, மின்னேற்றமுள்ள துணிக்கைகள் இரண்டுக்கும் செங்குத்தான மூன்றாந் திசையிலே நகர்ந்து செல்லும். நேரேற்றமோ மறையேற்றமோ, பாரமோ இலேசோ, எல்லாம் ஒரே வேகத்திற் செல்லும். எனவே பிளாஸ்மா முழுவதுமே ஓர் ஆறு போல ஓடும். ஓரத்துப் படையிலே மின்புலம் இடத்துக்கிடம் மாறுபடுதலால், அந்த ஆற்றின் வேகமும் அடுத்தடுத்த படைகளில் மாறுபடும். ஒரு படை விரைய, அடுத்த படை பின்தங்கும். இவ்வாறு ஒன்றையொன்று உராய்ந்து ஓடுவதைத்தான் கொய்வோட்டம் என்கிறேன். நம் பிரயோக கணித நூல்களிலே கொய்வுத் தகைப்பு, கொய்வு விகாரம் என மாணவர் மனனம் செய்யும் அதே கொய்வு. கதிர் கொய்தல், மலர் கொய்தல் என்னும் வழக்கை நினைத்தே அச்சொல்லை ஆக்கியிருப்பர் போலும். இங்கே கொய்யப்படுவது சுழி.

இனி என் மருமகனை யான் அழைத்துச் சென்ற இடத்துக்கு வாசகரையும் அழைக்கிறேன். மகாவலியின் ஒரு கிளையாகிய வெருகலாறு கடலை அடையுமிடத்திலே, மாரி வெள்ளம் சற்றே தணிந்த ஒரு காலையில், கரையோரமாக நுரை மிதந்து வருவதைப் பாருங்கள். கரையோரத்து நீர் மெல்ல நகரும், நடுவோட்டம் விரையும். கரையை அண்டி முழுவதும் மந்தநீரில் மிதக்கும் நுரைத்திட்டு வட்டமாகவே நெடுந்தூரம் செல்லும். ஆனால் ஒரு பாதி மந்தநீரிலும் மறு பாதி விரைநீரிலும் அகப்பட்ட திட்டோ சாய்ந்து, நீண்டு, நூலாகி, இறுதியில் அறுந்துபோகும். பிளாஸ்மாச் சுழிக்கும் நேர்வது இதுவே. சூட்டைக் குறுக்கே சுமந்து செல்ல வேண்டிய பெருஞ்சுழி சாய்க்கப்பட்டு, நீட்டப்பட்டு, சிறு துண்டுகளாகின்றது. சிறு சுழி சூட்டைச் சிறு தூரமே எடுத்துச் செல்லும். சுழி வளரும் வீதத்திலும் கொய்வு வீதம் மிகுமாயின், வளர்வதற்கு முன்னரே சுழி அறுபடும். 1990இல் பிக்லாரி, டயமண்ட், டெரி என்னும் மூவர் இதனைக் கணிதமாக வகுத்து எழுதினர். அதற்குச் சற்று முன்னரே ஜப்பானில் இற்றோ தம்பதியரும் அமெரிக்காவில் ஷேங், குரூம் என்போரும் மின்புலத்தின் பங்கினைச் சுட்டியிருந்தனர். அக்காலத்திலேயே, சான் டியாகோவிலுள்ள டீ-த்ரீ-டீ பொறியில், ஓரத்து மின்புலம் மாறுவதும் கொந்தளிப்பு அடங்குவதும் ஒருங்கே நிகழ்தலை அளந்து காட்டினர்.

என் மருமகன் விடவில்லை. "மாமா, இரண்டு ஓட்டம் உரசுகிற இடத்திலேதானே சுழி உண்டாகிறது? பாலத்துக்குக் கீழே பார்க்கிறோமே. உரசல் சுழியை அழிக்கும் என்கிறீர்களே!" என்றான். அவன் கேள்வி மிகச் சரியானது. பல்கலைக்கழகத்தாரும் முதலில் கேட்ட கேள்வி. விடை இதுதான்: ஆற்றிலே சுழிக்கு உணவளிப்பது அவ்வேக வேறுபாடே. பிளாஸ்மாச் சுழிக்கு உணவளிப்பது வெப்பச் சரிவு. உரசலிலிருந்து புதுச்சுழி பிறக்க முயலினும், முறுக்கிய காந்தக் கோடுகள் அதனை எழவிடாமற் பிடித்துக்கொள்கின்றன. அன்றியும், சுழி அக்கொய்வுப் படைக்குள்ளேயே நெடுநேரம் அகப்பட்டு நிற்றல் வேண்டும். ஆற்றுச்சுழி போல நீரோடு அடித்துச் செல்லப்பட்டுத் தப்புதற்கு வளைய வடிவான கலத்தில் வழியில்லை. இம்மூன்றும் பொருந்திய இடத்திலேதான் கொய்வு அடக்குமுறையாகும். பொருந்தாத இடத்திற் கலகமாகும். நம் கரையைத் தாக்கும் புயல்களுக்கும் இதனோடு தூரத்து உறவு உண்டு. மேற்காற்றும் கீழ்க்காற்றும் வெவ்வேறு வேகத்தில் வீசினால், எழும்பி வரும் புயல் சாய்ந்து சிதையும். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பை அழித்தது போன்ற சூறாவளி வலுப்பெறுவதற்கு அவ்வேறுபாடு குறைந்திருத்தல் வேண்டும். ஆயினும் இரண்டின் பௌதிகமும் ஒன்றன்று. உவமையை மிகை நீட்டுதல் தகாது.

இன்னொரு வியப்பும் உண்டு. கொந்தளிப்பே தன்னை அடக்கும் ஓட்டத்தைத் தானே படைக்கின்றது. சிறு சுழிகள் பல சேர்ந்து தம் வலுவை ஒரு பெரும் ஓட்டத்திற்கு ஈந்துவிடும். அவ்வோட்டம் எழுந்து, ஈந்த சுழிகளையே அறுக்கும். சுழிகள் குன்ற, உணவின்றி ஓட்டமும் தளரும். பின்னர்ச் சுழிகள் மீண்டும் தலையெடுக்கும். காட்டிலே நரியும் முயலும் மாறிமாறிப் பெருகிச் சிறுகுவதைப் போன்றது இது. வியாழக் கோளிற் காணும் வண்ணப் பட்டைகளும் இவ்வின ஓட்டங்களே. இதனைக் கணினியிலே தெளிவாகக் காட்டியவர் 1998இல் பிரின்ஸ்டன் குழுவினர். உண்மைப் பிளாஸ்மாவில் 2004இல் அளந்தறிந்தவர் ஜப்பானியர்.

வரம்பு கட்டினால் உடைப்பும் உண்டு என்பதை வயற்காரர்க்குச் சொல்லவேண்டியதில்லை. ஓரத்திலே அழுத்தம் தேங்கி, மிகுந்து, அவ்வப்போது சடுதியாக வெடித்துச் சுவரைச் சுடுகின்றது. ஈற்றர் போன்ற பெரும் பொறியின் சுவர் அதனைத் தாங்குமோ என்பதே இன்று வல்லுநரை உறங்கவிடாத கவலைகளுள் ஒன்று. ஆயினும் வரம்பில்லாமல் அப்பொறி இல்லை. 50 மெகாவாற்று சூடு செலுத்தி 500 மெகாவாற்று பெறுவோம் என்னும் அதன் கணக்கே உயர்காப்பு நிலையை நம்பிப் போடப்பட்டது.

இவையெல்லாம் பத்திரிகையில் வருவதில்லை. சீனத்து ஈஸ்ட் பொறி 2025 சனவரியில் 1,066 செக்கன், அடுத்த மாதமே பிரான்சின் வெஸ்ட் பொறி 1,337 செக்கன் என, ஓட்டப் பந்தய முடிவு போலச் செய்தி வருகின்றது. ஈஸ்ட் பொறி அந்நேரம் முழுவதும் நின்றது உயர்காப்பு நிலையில் என்பதே அச்செய்தியின் உயிர். அதனை ஒரு வரியிற் கடந்துவிட்டனர். இங்கிலாந்தின் ஜெற் பொறி 2023 அக்டோபரில் 69 மெகாயூல் சத்தி தந்து உலகப் பேறு கண்டது என்பர். வீட்டு மின்மானியில் அது ஏறத்தாழ 19 அலகு; அதனை ஐந்து செக்கனில், 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து பெற்றனர் என்பதே வியப்பு. அந்த ஆண்டின் இறுதியோடு அப்பொறி ஓய்வுபெற்றது. ஈற்றரோ, 2024இல் அறிவித்த திட்டப்படி, தியூத்தீரியமும் திரித்தியமும் இட்டு இயங்குவது 2039இல். இச்சத்தி நம் ஊர் விளக்கை அடுத்த சில ஆண்டுகளில் ஏற்றும் என்று எவரேனும் கூறினால் நம்பற்க. வெருகலுக்கு வடக்கே சம்பூரிலே 500 மெகாவாற்று நிலக்கரி ஆலை வரும் என்று பல்லாண்டு பேசி, 2016இற் கைவிட்டனர்; 2025இல் அங்கே ஞாயிற்றொளி மின்னிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நம் காலத்து விளக்குக்கு அதுவே வழி. இணைவுச் சத்தியை நம் பிள்ளைகள் கற்கவேண்டும் என்று யான் கூறுவது மின்கட்டணத்தை நினைத்தன்று.

பின் எதனை நினைத்து? அகமதாபாத்தை அடுத்த காந்திநகரைப் பாருங்கள். 1982இல் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் ஒரு சிறு திட்டமாகத் தொடங்கி, 1986இற் பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையமாக அது தனித்து நின்றது. அதனைக் கட்டி வளர்த்த பிரீதிமான் கௌ, காசுமீரத்திற் பிறந்தவர், 2017இல் மறைந்தார். அங்கே இந்தியரே அமைத்த ஆதித்தியா என்னும் டோக்கமாக் 1989இல் இயங்கத் தொடங்கியது. அதன் வளைய ஆரை 75 சென்ரிமீற்றர். குழாயின் ஆரை 25 சென்ரிமீற்றர். பிளாஸ்மா நின்றது செக்கனிற் பத்திலொரு பங்கு அளவே. பெரிய நாட்டார் பொறிகளோடு வைத்துப் பார்த்தாற் சிறு பிள்ளை. ஆனால் 1992இல் அக்குழுவினர் ஓரத்துக் கொந்தளிப்பை நுணுகி அளந்து, அது சீரான இரைச்சல் அன்று, விட்டுவிட்டு எழும் வெடிப்புகளைக் கொண்டது என்று வெளியிட்ட கட்டுரை, உலகம் எடுத்துப் படித்த கட்டுரை. பின்னர் அதே பொறியின் ஓரத்திலே ஒரு மின்வாயை நுழைத்து, நேரழுத்தம் கொடுத்து, கொய்வோடு கூடிய சுழற்சியை உண்டாக்கி, பிளாஸ்மா குலைந்து அணையாமற் காத்த முயற்சியை 2014இல் வெளியிட்டனர். அங்கே அடங்கியது நுண்கொந்தளிப்பு அன்று, பெருங் காந்த அலைவு. ஆயினும் கருவி அதே கொய்வுதான். இவ்வகை மின்வாய்ச் சோதனைக்கு வழிகாட்டியதும் பெரும் பொறி அன்று. 1989இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ஒன்றில் டெயிலர் என்பார் மின்வாயை நுழைத்து உயர்காப்பு நிலையைக் கையால் வரவழைத்துக் காட்டினார்.

அந்த 1986ஆம் ஆண்டிலேயே, வந்தாறுமூலையிலே நமது கிழக்குப் பல்கலைக்கழகமும் முழு நிலை பெற்றது. இரு நிறுவனங்களையும் ஒப்பிட்டு நம்மவரைப் பழித்தல் நெறியன்று. அதன் பிறகு இக்கிழக்கு மாகாணம் கண்ட துயரை அறியாதார் இவ்விதழை வாசிப்பார் அல்லர். ஆனால், 'இது எமக்கு எட்டாது' என்னும் சொல்லை இனியும் சொல்லுதற்கு நியாயம் இல்லை. டோக்கமாக் கட்டச் சொல்கிறேன் அல்லேன். 1978இல் அசகாவா, மீமா என்போர் பிளாஸ்மாக் கொந்தளிப்பை ஒரே சமன்பாட்டில் அடக்கினர். வளிமண்டலப் பேரலைகளுக்குரிய சமன்பாட்டோடு அது உருவில் ஒத்தது. 1983இல் அசகாவாவும் வக்காத்தானியும் அதனை விரித்தனர். அக்காலத்திலே பெருங்கணினி வேண்டியிருந்த அக்கணக்கை இன்று மேசைமீதிருக்கும் சாதாரணக் கணினி செய்துவிடும். தகையீடு கற்ற மாணவனுக்கு, நல்லாசிரியர் ஒருவர் துணையும் ஓராண்டுப் பொறுமையும் இருந்தால், சுழிகள் கூடி ஓட்டமாவதைத் தன் கண்ணாலே திரையிற் காணலாம்.

மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. சென்னையிலே கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கியவர். யாழையும் விஞ்ஞானத்தையும் ஒரே கையில் ஏந்திய அவர் பிறந்த காரைதீவு நமக்குத் தொலைவன்று. சொல் இல்லை என்று நாம் சொல்லமுடியாது. கொய்வு என்னும் சொல்லை வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வேண்டிய இரண்டு கணக்கோடு நிறுத்திவிட்டோம் என்பதே என் குறை.

யூபிலி நினைவாக வாயிலில் ஒரு வளைவு கட்டவேண்டுமென்று சங்கக் கூட்டத்திற் சிலர் முன்மொழிந்துள்ளனர். யான் அதற்கு மாறானவன் அல்லேன். கல்லூரிக்கு ஒரு முகம் வேண்டும். ஆனால் அந்நிதியின் சிறு பங்கைப் பௌதிக ஆய்வுகூடத்துக்கு ஒதுக்குமாறு கேட்கிறேன். பன்னிரண்டடி நீளத்தில் கண்ணாடி அடித்தளமிட்ட ஒரு நீர்க்கால். ஒரு பக்கம் மெல்லவும் மறுபக்கம் விரைவாகவும் நீர் ஓடும்படி இடையிலே தடுப்பு. சாயம் விடுதற்கு ஒரு குழாய். மேலிருந்து படம் பிடிக்க ஒரு கமரா. அருகே நான்கு கணினிகள். வட்டமாக விட்ட சாயத்துளி நூலாவதை நேரிற் பார்த்த பின்னர், அதே கணக்கைக் கணினியிலே போட்டுப் பார்க்கட்டும். தச்சுவேலையை வாழைச்சேனையிலேயே செய்விக்கலாம். அளவுகளையும் படத்தையும் என் மருமகனே வரைந்தான். சங்கச் செயலாளருக்கு அனுப்பிவிட்டேன். அவன் வரைந்த படத்தில் நீர் இறைக்கும் பம்பியை வைக்க இடம் விட மறந்துவிட்டான். அதனை இடப்புற மூலையிலே பென்சிலாற் குறித்திருக்கிறேன்.